நல்ல சிவப்பு

"அக்கினி ராணி. வயது முப்பது. நல்ல சிவப்பு. கோபம் வந்தால் கோட்டை எரியும்."

அட்டைக்காக என் நாத்தனார் எழுதித் தந்த குறிப்பு இவ்வளவுதான். நானும் நல்ல சிவப்பாகவே போட்டேன். உடை, ஓரச்சட்டம், பெயர்ப்பட்டை, மூலையில் நெருப்புச் சின்னம், எல்லாம் சிவப்பு. முகம் மட்டும் கருப்பு. முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்குவது ஒரு மாயாஜாலச் சீட்டு விளையாட்டு. நான்கு குலங்கள், குலத்துக்கு ஒரு நிறம், மொத்தம் எண்பது அட்டைகள். கதையும் விதிகளும் அவள் பொறுப்பு. படமும் நிறமும் என் பாடு. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர் யாரும் கிடையாது.

அந்த முகத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. திரையில் ஜொலித்த கருப்பு, அச்சில் அடர்சிவப்புப் பின்னணியோடு கலந்து ஒரே திட்டாக வந்தது. கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை.

"முகத்தக் கொஞ்சம் வெளுத்துடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றார் அச்சகக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தொடமாட்டேன், வேறு எதை வேண்டுமானாலும் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னணியைத் தணல் நிறத்துக்கு மாற்றினேன். கன்னத்தோரம் ஒரு கீற்று நெருப்பொளி வைத்தேன். பதினோராவது மாதிரியில் ராணி என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மாதிரியைத்தான் இன்று காலை வக்கீலிடம் கொடுத்தேன். மாலை ஐந்துக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

"என்ன அண்ணி இது? சிவப்புன்னு எழுதியிருந்தேன்ல?"

"சிவப்பாத்தானே இருக்கு?"

"ஐயோ, டிரெஸ்ஸச் சொல்லல. ஆளு சிவப்பு. பளிச்சுனு இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வாயில் ஆள் சிவப்பு என்றால் வெளுப்பு. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு இல்லை என்று சொல்லப்பட்ட சிவப்பு அது. அதைப் போய் நெருப்பு நிறம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"மாத்த மாட்டேன்."

"அவ ராணி, அண்ணி! கருப்பா இருந்தா யாரு ஆசையா கையில எடுப்பா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களச் சொல்லல..."

"என்னத்தான் சொன்ன. பரவால்ல, எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. ராணிக்கும் பழக வேணாம்."

"கதை என்னோடது அண்ணி."

"சரி. விதியும் உன்னோடதுதானே? 'சிவப்பு அட்டை ஒன்றை எடு'ன்னு பதிமூணு இடத்துல எழுதியிருக்க. அங்கெல்லாம் சிவப்புன்னா சிவப்பு, ராணிகிட்ட வந்தா மட்டும் வெள்ளையா?"

வக்கீல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் விடுகிற ஜாதியா அவள்?

"விதி வேற, அழகு வேற," என்று முணுமுணுத்தாள். நான் கணினி முன்னிருந்து எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"அப்ப நீயே வெளுத்துக்கோ. ஜன்னல் வெளிச்சத்துல என் கையப் போட்டோ எடுத்து, அதுலேருந்து எடுத்த நிறம் இது. தெரிஞ்சுக்கிட்டே வெளுத்துக்கோ."

உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து நகர்த்தினாள். ராணியின் முகம் ஒவ்வொரு படியாக வெளுத்தது. மவுஸைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாதியில் அவள் கை நின்றது. திரையை விட்டுவிட்டு மவுஸின் மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என் கையைவிடக் கருப்பு. 'நீ சிவப்பு இல்லை' என்று அவள் முகத்துக்கு நேரே எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். பழைய முகம் திரும்பி வந்தது. மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னும் ரெண்டு படி கருப்பாக்கலாமா? அச்சுல நிக்குமா?"

"நிக்க வைக்கிறேன்," என்றேன்.