தட்சிணாமூர்த்தி கண்ட பிழை

உழவர்கரையில் சிப் சோதிக்கும் அலுவலகத்தில் அன்புசெல்வி குழுத் தலைவி. அவள் குழுவில் இருந்த பொறியாளர் தட்சிணாமூர்த்தி அவளிடம் ஒரு பிழையைப் பற்றி மூன்று மாதமாகச் சொல்லிப் பார்த்தார். சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிதான் கோர்; எடுத்த மதிப்புகளை அது தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் கேஷ்.

"பெரிய கோர் ஒரு மதிப்பை மாத்துனா, சின்ன கோர் தன் கேஷ்ல இருக்குற பழைய நகலைத் தூக்கிப் போடணும் மேடம். ஆனா சின்ன கோர் ஸ்லீப்ல இருந்து எழுந்தா மட்டும் பழசையே படிக்குது."

தான் சோதனையை ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பிழை வரவில்லை என்று அவள் அந்தப் புகாரை மூடிவிட்டாள். போன மாதம் அவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

இன்று காலை அதே பிழை அவள் கண்முன்னே வந்தது. மூடிய புகாரைத் திறந்து, கண்டறிந்தவர் என்று அவர் பெயரை எழுதிவிட்டு, வைத்திக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போய், அவர் சொன்னது சரிதான் என்று வாசலில் நின்றே அவர் மனைவி சாந்தியிடம் சொன்னாள்.

"தனக்குத்தான் வேலை மறந்துபோச்சுன்னு கடைசி வரைக்கும் நெனச்சிட்டு இருந்தாரும்மா" என்றாள் சாந்தி.

அன்புசெல்வி வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.