தூக்கிவிட்ட சங்கம்

வெள்ளிவிழா மலருக்குச் சங்கத்தோட வரலாறு எழுதித் தரணும்னு தலைவர் என்னைத்தான் கேட்டார். அச்சகத்துல நாள் முழுக்க அடுத்தவங்க அழைப்பிதழையும் கண்ணீர் அஞ்சலியையும் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுக்கிறவ நான். "நல்லதா நாலு வார்த்தை போடும்மா"ன்னார். நானும் தேடிப் பார்த்தேன். கிடைச்ச நல்ல வார்த்தையெல்லாம் எங்க தெரு சலூன்காரருக்கே சரியாப் போச்சு. எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தா, மனுஷன் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "இது வேண்டாம். நானே சொல்றேன், நீ அடி" அப்படின்னுட்டார். மலர்ல வந்தது அவர் சொன்னது. இது நான் எழுதினது, அதுக்கப்புறம் நடந்த கூத்தையும் சேர்த்து.

என் தங்கச்சிக்கு ஒன்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போச்சு, போறப்போ ரெண்டு காலையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. வீல் சேர் வாங்க எங்க வீட்டுல வழியில்லை. சலூன்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவுல ஓட்டை போட்டு, பூப்போட்ட கவுனோட இருக்கிற அவ படத்தை ஒட்டி, கண்ணாடி முன்னாடி வெச்சார். முடி வெட்ட வந்தவன் எல்லாம் போட்டான். தலையைக் கத்தி வெச்சிருக்கிறவர்கிட்ட குடுத்துட்டு எவன் இல்லைம்பான்? சீக்கிரமே வீல் சேர் வந்துடுச்சு.

கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும். ஆனா டப்பா நிக்கலை, நிறைஞ்சுக்கிட்டே இருந்தது. "பொண்ணுக்கு வாங்கியாச்சே, டப்பாவை எடுத்துடவா?"ன்னு கேட்டார் சலூன்காரர், பாவம், வெள்ளந்தி. அப்போ ஷேவிங் பண்ண உக்காந்திருந்தவர் எதிர்த்த இரும்புக்கடைக்காரர். பாதி முகத்துல நுரையோட, "வர்ற லட்சுமியை ஏன்யா விரட்டுறே? இன்னும் எத்தனை பேர் நடக்க முடியாம இருக்காங்க!"ன்னார். சங்கம் பிறந்தது அந்த நுரையிலதான். இரும்புக்கடைக்காரர் தலைவர் ஆனார். சலூன்காரர் 'ஆரம்பகால உறுப்பினர்' ஆனார், அதாவது கூட்டத்துல நாற்காலி போடுறவர்.

சங்கத்துக்குப் பேர் 'கைதூக்கிவிடுவோர் சங்கம்'. ஊர்ல சுருக்கமா கைதூக்கிச் சங்கம். பொருத்தமான பேருதான். தலைவர் எது சொன்னாலும் உறுப்பினருங்க கையைத் தூக்கிடுவாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள தூக்கிடுவாங்க. ஒருதடவை தலைவர் கொட்டாவி விட்டதுக்கே ரெண்டு பேர் தூக்கினாங்கன்னு சலூன்காரர் சொல்லிச் சிரிப்பார்.

நல்ல காரியமும் செஞ்சாங்க, இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். எத்தனையோ பேருக்கு ஊன்றுகோல், வண்டி, செயற்கைக் கால் எல்லாம் வாங்கித் தந்தாங்க. அப்புறம் சொந்தக் கட்டடம் கட்டினாங்க. அங்கேதான் இவங்க மூளை பளிச்சுன்னு வேலை செஞ்சது. நடக்க முடியாதவங்களுக்கான சங்கம், கூட்டம் நடக்கிற ஹால் மாடியில. செங்குத்தான படிக்கட்டு, நடுவுல ஒரு திருப்பம். கீழ்த்தளம் வாடகைக்கு. யாருக்குன்னு கேட்டா நம்ப மாட்டீங்க. செருப்புக் கடைக்கு.

ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் என் தங்கச்சி மேடைக்கு வந்தாகணும். டப்பாவுல இருக்கிற முகமாச்சே! நாலு பேர் வீல் சேரோட அவளைத் தூக்குவாங்க. தலைவர் ஒத்தை விரலால சேரைத் தொட்டுக்கிட்டே ஏறுவார். திருப்பத்துல நின்னு, "சிரிம்மா, படம் நல்லா வரணும்"பார். போட்டோக்காரர் கிளிக் பண்ணுவார். இவ சிரிப்பா. ஒரு வருஷம் திருப்பத்துல சேர் சுவத்துல இடிச்சு முழங்கை தோல் வழண்டுடுச்சு. அதோட போறதை நிறுத்திட்டா. நன்றி கெட்டவன்னு பேர் வாங்கினா. டப்பாவுல மட்டும் அந்தக் கவுன் போட்ட பொண்ணு மாறவே இல்லை. "அது உன் மகளா?"ன்னு ரோட்டுல கேக்கறவங்ககிட்ட, "ஆமா, ரொம்ப சம்பாதிக்கிறா"ம்பா.

மாடி ஹால்ல சங்கம் பொண்ணுங்களுக்குத் தையல் வகுப்பு நடத்துது. சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்த டீச்சர் ஊரை விட்டுப் போயிட்டாங்க. என் தங்கச்சியைப் பத்தித் தையல் தெரிஞ்சவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, அவ கத்திரி வெச்சா துணி அளவு மீறாது. வீட்டு மூலையில தனியா உக்காந்து வருஷக்கணக்கா அடுத்தவங்களுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டிருந்தா. அந்த வேலை காலின்னு கேட்டதும் அவ முகத்தைப் பார்க்கணுமே!

"எனக்கு அந்த வேலை வேணும்க்கா"ன்னா. "நிறைய மிஷின் ஒண்ணா ஓடுற சத்தம் வேணும். தப்பு பண்ற பிள்ளைங்களைத் திட்டணும். இங்கே நான் யாரைத் திட்டுறது, ஊசியையா?"

எதுவுமே கேக்காதவ கேட்டுட்டா.

நேர்காணல் மாடியில வெச்சாங்க. வேற எங்கே வெப்பாங்க? இவ படிக்கட்டுக் கீழே, அவங்க படிக்கட்டு மேலே. நடுவுல செருப்புக் கடைக்காரன் விலை சொல்ற சத்தம்.

"வேலை உனக்குத்தான்மா"ன்னு மேலேயிருந்து தலைவர் கத்தினார். "தினமும் நம்ம ஆளுங்க உன்னைத் தூக்கிட்டு வந்து, சாயங்காலம் இறக்கி விட்டுடுவாங்க. தீர்மானம் போட்டாச்சு!"

போடாம இருப்பாங்களா, கைதான் தயாரா இருக்கே.

"வகுப்பைக் கீழே வெச்சா நானே வந்துடுவேன் தலைவரே."

"கீழே வாடகை வருதும்மா. அதுவும் உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தானே போகுது?"

"தினமும் ஏத்தி இறக்க நான் என்ன மூட்டையா?"

தலைவர், "தூக்கிவிட வர்ற கையைத் தட்டி விடுறே. கர்வம் கூடாதும்மா. வெள்ளிவிழா வரைக்கும் யோசி. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" அப்படின்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நான்தான் திட்டிக்கிட்டே வந்தேன்.

வெள்ளிவிழா அன்னிக்கு அவளும் கிளம்பினா. ஒத்துக்கப் போறாளோன்னு நினைச்சுக்கிட்டே நானும் கூடப் போனேன். ஆனா படிக்கட்டுக் கீழே வந்ததும் பிரேக்கைப் போட்டுட்டா. "பதில் சொல்லத்தான் வந்தேன். அவர் கீழே இறங்கி வந்து கேக்கட்டும்"ன்னா. தூக்க வந்த நாலு பேரும் வெறுங்கையோட மேலே போனாங்க. அவளுக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல டப்பா இருந்தது. சலூன்காரர் அதுக்குக் காவல்.

தெரு பூரா ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க, புகழை ஒரு காதும் தவறவிடக் கூடாதில்ல? தலைவர் காலர்ல ஒரு குட்டி மைக். பேசினார், பேசினார், நின்னுக்கிட்டே பேசினார். கொஞ்ச நாளாவே அவருக்கு முட்டி வலி. பேச்சை முடிச்சுத் திரும்பினதும் முட்டி பிடிச்சுக்கிச்சு. காலை மடக்கவும் முடியலை, நீட்டவும் முடியலை.

நாங்க கீழே இருந்து பார்க்கலை, கேட்டோம். காலர் மைக்கை அணைக்க யாருக்கும் தோணலை.

"அய்யோ... அம்மா..."

"பதறாதீங்க தலைவரே, நாற்காலியோட தூக்கிடறோம்."

"விடுங்கடா! எல்லாரும் பார்க்கத் தூக்கிட்டுப் போக நான் என்ன மூட்டையா?"

தெரு மொத்தமும் கேட்டுச்சு. செருப்புக் கடைக்காரன்கூட விலை சொல்றதை நிறுத்திட்டான். தங்கச்சி என் கையைப் பிடிச்சா. பிடி இரும்பா இருந்தது.

வேற வழி? விழா மேடையில போட்ட வெல்வெட் நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. திருப்பத்துல நாற்காலி சுவத்துல இடிச்சது. தலைவர் போட்ட சத்தம் ஸ்பீக்கர்ல போய் அடுத்த தெருவுல கேட்டிருக்கும். போட்டோக்காரர் பழக்க தோஷத்துல கிளிக் பண்ணிட்டார். கடைசிப் படிக்கு வந்தப்போ தலைவரும் என் தங்கச்சியும் நேருக்கு நேர், ஒரே உயரத்துல.

"சிரிங்க தலைவரே"ன்னா அவ. "படம் நல்லா வரணும்."

மனுஷன் முகம் செத்துப்போச்சு. அவளைப் பார்க்கலை. பக்கத்துல குனிஞ்ச ஆளோட காதுல மெல்ல, "செருப்புக் கடையைக் காலி பண்ணச் சொல்லு. இனிமே கூட்டமெல்லாம் கீழேயே"ன்னார். மெல்லத்தான் சொன்னார். ஸ்பீக்கர்தான் கத்திச் சொன்னது.

தங்கச்சி விடுவாளா? "அப்போ வகுப்பும் கீழேதானே? நான் எப்போ வேலைக்கு வரட்டும்?"

பின்னாலேயே இறங்கி வந்த உறுப்பினருங்க எல்லாரும் தலைவர் வாயையே பார்த்தாங்க. அவர் முட்டியைத் தடவிக்கிட்டிருந்தார். இத்தனை வருஷம் நாற்காலி போட்ட சலூன்காரர்தான் டப்பா பக்கத்துலேருந்து முன்னாடி வந்தார்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க!"

தூக்கிட்டாங்க. நாற்காலியைப் பிடிச்சிருந்த நாலு பேரும் சேர்த்துத்தான். அத்தனை வருஷப் பழக்கம், லேசுல போகுமா? ஒரு படி உயரம்தான், தலைவருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகலை. தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு.

இந்த வருஷ ஆண்டறிக்கையில, 'தலைவரின் தொலைநோக்குச் சிந்தனையால் தையல் வகுப்பு கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டது'ன்னு போட்டிருக்கு. நான்தான் அடிச்சேன், என் தலையெழுத்து.

மிஷினையெல்லாம் அந்த நாலு பேரே இறக்கி வெச்சாங்க. வகுப்பு தொடங்குற அன்னிக்கு நானும் கூடப் போனேன். எல்லா மிஷினும் ஒண்ணா ஓடுச்சு. தங்கச்சி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டா. அப்புறம் ஒரு பொண்ணை, "ஏய், ஊசியைப் பார்க்காம எங்கே பார்க்கிறே?"ன்னு திட்டினா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது.

வாசல்ல அந்த டப்பா இருந்தது. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் அதை மடியில எடுத்து வெச்சா. கவுன் போட்ட பொண்ணோட படத்தை நகத்தால ஓரமாப் பெயர்த்து, கிழியாம மெதுவா உரிச்சா.

"போதும்டி"ன்னா. "இறங்கு."