செருப்பைக் கழற்ற வேண்டிய நூதனசாலை

பதுளை பஸார் வீதியில் இருக்கிற தங்கச் சுரங்க நூதனசாலைக்குள் வெறுங்காலோடு போய்வருகிறவர்களுக்கு உள்ளங்கால் தங்கமாகிவிடும். செருப்போடு போனால் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை பகலில் பூட்டியிருக்கும், மற்ற நாட்களில் காலையிலிருந்து பின்னேரம் வரை திறந்திருக்கும். பஸ் நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்ப்பார்கள், அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த இடம் முதலில் பழைய இரும்பு ஸ்டோராக இருந்தது. ஸமீம் ஹாஜியார் தோட்டம் தோட்டமாகப் போய், மூடிக்கிடக்கிற தேயிலை ஸ்டோர் என்கிற ஆலைகளின் இரும்பை வாங்கி, வெட்டிக் கொழும்புக்கு ஏற்றுகிறவர். மடுல்சீமைக்கும் மேலே, மேகம் படுத்துத் தூங்குகிற உயரத்தில், பொன்னூத்துத் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை தேயிலையை விட்டுவிட்டுத் தங்கம் தோண்டினார். கொழுந்து பறிக்க வந்த சனத்தின் கையில் கல் பெயர்க்கிற அலவாங்கு கொடுத்து மலைக்குள் இறக்கினார். கிடைத்த தங்கம் அவருடைய கல்யாண மோதிரத்தின் அளவுக்குக்கூட இல்லை. அவர் கப்பலேறிப் போய்விட்டார், கல் அரைக்கிற பெரிய ரோதை மட்டும் குகை வாசலில் நின்றுவிட்டது. ரோதை என்றால் சக்கரம்தான், ஆனால் தேயிலை மலையில் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். ஸமீம் ஹாஜியார் அதை வெட்டப் போனபோது இரும்பு வெட்டுகிற வாயு விளக்கு பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்தது. அவர் பிடிவாதக்காரர் இல்லை. உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று ரோதையிடம் சொல்லிவிட்டு, முழுசாக லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்.

வந்த ரோதை தனியாக நிற்கிறதே என்று பக்கத்தில் சுரங்க விளக்குகளையும், மண் அரிக்கிற தட்டுகளையும், அலவாங்கு பிடித்த ஆட்கள் வரிசையாக நிற்கிற ஒரு போட்டோவையும் வைத்தார். முன் அறையில் ஊர்க்கதை: நின்றுபோன ரயில்வே மணிக்கூடு, குண்டுச் சோடாப் போத்தல்கள், பெருவெள்ளத்தில் பஸார் வீதி மிதந்த படம். பிறகு பொன்னூத்துக் குகை வாசலில் குவிந்துகிடந்த மண்ணை லொறி லொறியாக இறக்கி, சீமெந்துத் தரை தெரியாமல் பரப்பினார். உள்ளே வருகிறவர்கள் மலைக்குள் வந்த மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய மனைவி ஸல்மா டீச்சர், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர், எல்லாவற்றுக்கும் மூன்று பாஷையிலும் அட்டை எழுதிக் கட்டினார். இரும்பு ஸ்டோர் அல்லவா, எங்கே ஆணி கிடக்கிறதோ என்று அவர்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூட அங்கே செருப்பைக் கழற்றவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தும் மேசுமாக வந்து போனார்கள். அதனால்தான் இத்தனை காலம் ஒன்றும் தெரியவில்லை.

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷத்தில் ஸமீம் ஹாஜியார் தூக்கத்திலேயே மௌத்தானார். அதன்பிறகு ஸல்மா டீச்சர் தினமும் கதவைத் திறந்து, ஹாஜியார் செய்த மாதிரியே ரோதைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, யாரும் வராத நூதனசாலையில் பின்னேரம் வரை உட்கார்ந்திருந்தார். கட்டடம் அவருடைய வாப்பா விட்டுப்போனது, பாதிச் சொந்தம் மூத்த சகோதரர் றுஷ்தி நானாவுக்கு. றுஷ்தி முதலாளிக்கு டைல்ஸ் வியாபாரம், இடம் போதவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் வெறும் தரையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. நோன்புப் பெருநாளுக்குள் நாலு சனம் வந்து பார்க்கிற இடமாக இது ஆகாவிட்டால், ரோதையை வெட்டி விற்றுவிட்டு, மண்ணை அள்ளிக் கொட்டி டைல்ஸ் பதித்துக் கடை திறந்துவிடுவேன் என்று தங்கச்சியிடம் முடிவாகச் சொன்னார். டீச்சர் ரோதையில் சாய்ந்துகொண்டு நின்றார். புருஷனின் தோளில் சாய்ந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்க வந்த பொன்னூத்துத் தோட்டத்துப் பெண்கள் அந்த வாரம் மழைக்கு உள்ளே ஒதுங்கினார்கள். முன்னால் வந்தவள் வேலாயி, கொழுந்துக் கூடையும் வாயும் ஒருபோதும் காலியாக இருக்காத பெண். முன் அறையைத் தாண்டி எட்டிப் பார்த்தவள் ரோதையைக் கண்டதும் அப்படியே பின்வாங்கி, மழையிலேயே செருப்பைக் கழற்றிப்போட்டாள். தேயிலை ஸ்டோரில் ரோதை சுற்றுகிற இடத்தில் ரோதமுனி என்கிற காவல் சாமி இருக்கிறார் என்பதும், அவர் முன்னால் செருப்போடு நிற்கக்கூடாது என்பதும் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிப் பெட்டியையும் மூன்று பாஷை அட்டையையும் கண்டு அவர்கள் மயங்கவில்லை, இது கோயில்தான் என்று தீர்மானித்துவிட்டார்கள். மற்றவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். கற்பூரம் கொளுத்தலாமா என்று கேட்டார்கள். டீச்சர் யோசித்துப் பார்த்து, போட்டோவுக்குக் கிட்டப் போகாமல் வாசல் பக்கமாக வைத்தால் தனக்கு ஆட்சேபணையில்லை என்றார். வேலாயி கும்பிட்டுவிட்டு ரோதையிடம் உரிமையோடு பேசினாள்.

“எங்கள உட்டுட்டு இங்க வந்து டவுன்காரரா குந்தியிருக்கீங்களா சாமி? நல்லாருங்க.”

மடுல்சீமை பஸ்ஸில் அவர்கள் சீட்டில் காலை மடக்கிக் குந்தியபோது கண்டக்டர்தான் முதலில் கண்டான். ஒவ்வொருத்தியின் உள்ளங்காலும் கல்யாணத் தாலி மாதிரி மின்னியது. அவன் மீதிக் காசை மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தான்.

மறுநாள் நகைக்கடை ஸனூஸ் வேலாயியின் குதிகாலை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, தன் கடையில் இருக்கிற எதையும்விட இது சுத்தமானது என்றார், பிறகு அப்படிச் சொன்னதற்காக வருத்தப்பட்டார். சுரண்டி எடுத்தால் மண்ணாக உதிர்ந்தது. காலில் இருக்கும்வரைதான் தங்கம். அதுவும் நிலைக்கவில்லை. மலையில் ஏறி இறங்குகிற பெண்களுக்குச் சில நாளில் தேய்ந்து போனது, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் நின்றது. தேய்ந்தது எங்கே போகிறது என்று யாரும் தேடவில்லை. மழை விட்ட காலையில் பொன்னூத்துத் தேயிலைச் செடிகளின் அடி மினுங்குவதைக் கங்காணி கண்டார். மலையின் மண் மலைக்கே திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டு, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு ஊரே வந்தது. வாசலில் செருப்பு மலைபோலக் குவிந்தது. எல்லவுக்குச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள், பிறகு ரயில் வாசலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபோது பாலத்துக்குக் கீழே நின்ற சனம் அண்ணாந்து கும்பிட்டது. பள்ளிவாசலில் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதுக்குப் போகும்போது முன் வரிசையின் உள்ளங்கால்கள் பின் வரிசைக்கு முன்னால் பளபளத்தன. ஆண்கள் தங்கம் அணியக்கூடாதே என்று சிலர் மௌலவியிடம் போனார்கள். அவர் நகைச்சுவை தெரிந்தவர். “விரும்பிப் போட்டுக்கொண்டாத்தான் பிழை. தானா வந்து ஒட்டினதுக்கு நான் என்னத்தச் செல்ல? ஆசப்பட்டுத் தேடிப் போனீங்கண்டா அது வேற கத” என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். றுஷ்தி முதலாளி சிரிக்கவில்லை.

நாலு சனத்துக்குப் பதிலாக நாடே வந்துவிட்டதே, இனிக் கடைப் பேச்சு இல்லை என்று டீச்சர் நினைத்திருந்தார். றுஷ்தி முதலாளிக்கோ யோசனை வேறுவிதமாக ஓடியது. ஒருதரம் நடந்தால் உள்ளங்கால் மட்டும் தங்கம் என்றால், நாள் முழுக்க நடந்தால் எவ்வளவு? நோன்பு பிறந்த முதல் கிழமையில், திருத்தவேலை என்று சொல்லித் தங்கச்சியிடம் மாற்றுச் சாவியை வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, பகல் லுஹர் தொழுகையிலிருந்து ரோதையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பின்னேர அஸர் தொழுகைப் பாங்கு கேட்டு டீச்சர் வந்து கதவைத் திறந்தபோது அவர் ரோதைக்கு முன்னால், போட்டோவில் நிற்கிற ஆட்களின் வரிசையில் ஒருவரைப்போல, அசையாமல் நின்றார். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். முழங்கால் வரை தங்கம்.

“நானா, வெளிய வாங்க.”

“வர ஏலாது தங்கச்சி. கால் பாரம்.”

டீச்சர் ஏசுவார் என்றுதான் முதலாளி நினைத்தார். டீச்சர் முன் அறைக்குப் போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டு, “இரிங்க” என்றார்.

லொறி ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள், ஜாக்கி வளைந்தது. வாலிபர்கள் சேர்ந்து தூக்கினார்கள், அவர்களுக்கு இடுப்புப் பிடித்தது. நோன்புக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து நூதனசாலைக்கு வந்தது. அவர் கதிரையில் இருந்தபடியே தொழுதார், இருந்தபடியே நோன்பு திறந்தார். டீச்சர் வழக்கம்போலக் கதவைத் திறந்துவைத்தார், ஏனென்றால் நூதனசாலை. வந்த சனம் விளக்குகளைப் பார்த்தது, தட்டுகளைப் பார்த்தது, றுஷ்தி முதலாளியைப் பார்த்தது. இது என்ன, அது என்ன என்று அவரிடமே கேட்டது. பக்கத்து அட்டைகளை வாசித்து வாசித்துப் பதில் சொல்ல ஆரம்பித்தவர், சில நாளில் அட்டை இல்லாமலே சொன்னார். அந்தப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற மெலிந்த மனுஷனின் காலில் செருப்பில்லை, யாருடைய காலிலும் செருப்பில்லை என்பதை முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். அவர் கேட்டிருந்த டைல்ஸ் லொறி வந்து வாசலில் நின்றபோது, பிறகு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்.

ஆனாலும் இரவானால் அவருக்குப் பயம் வந்துவிடும். பெருநாள் தொழுகைக்கு ஊரெல்லாம் போகும்போது தான் மட்டும் இரும்போடு இரும்பாக இருக்கவேண்டுமா என்று மௌலவியிடம் கேட்டு அழுதார். மௌலவி முழங்காலைத் தட்டிப் பார்த்தார், மணிபோலக் கேட்டது. நடந்து தேய்க்கிறதைத் தவிர வேறு வழி இல்லை என்றார். நடக்கிறதற்குத்தான் முடியவில்லையே.

அந்தச் சமயம் வேலாயி தன் கூட்டத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், ரோதையைக் கும்பிட்டாள், கதிரைப் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க மொதலாளி, உங்களுக்கு இன்னும் அட்ட எழுதிக் கட்டலையா? பாக்குற சனம் என்னான்னு தெரிஞ்சிக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு கலந்து வந்தது. வேலாயிக்கு மனசு இளகிப்போனது.

“எங்க மலைக்கி வாங்க. நாங்க ஏறுற ஏத்தத்துல இரும்பே தேஞ்சிரும், தங்கம் எம்மாத்திரம்.”

கொழுந்து லொறி ஓட்டுகிற வீரசிங்கம் கயிற்றை றுஷ்தி முதலாளியின் இடுப்பில் கட்டி, மேல் கூரை வளையத்தில் போட்டு, மறு நுனியை ரோதையின் அச்சில் சுற்றினார். பெண்கள் தள்ளுவதற்குக் கை வைக்கப் போனார்கள். கை படுவதற்கு முன்னால் ரோதை சுற்றியது. துரை போனதிலிருந்து சுற்றாத ரோதை அவசரமில்லாமல், சத்தமில்லாமல் சுற்றி, முதலாளியைத் தூக்கி, வாசலில் நின்ற லொறியில் பூப்போல வைத்துவிட்டு நின்றது. ஸமீம் ஹாஜியார் எண்ணெய் போட்டது வீண்போகவில்லை என்று மட்டும் டீச்சர் சொன்னார்.

பொன்னூத்து மலையில் முதல் நாள் அவர் சரிவே கீழே இழுக்க, ஒரு தேயிலைச் செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போனார். அன்றைக்கு அவ்வளவுதான். நோன்பு பிடித்துக்கொண்டே, வெறுங்காலில், பெண்களின் பின்னால் நிரை நிரையாக நடந்தார். மழை அட்டை காலில் ஏறிக் கடித்தது, தங்கத்தில் பல் இறங்காமல் விழுந்தது. கூடை கட்டத் தெரியாமல் கட்டி, பறித்த கொழுந்தைச் சரிவெல்லாம் சிந்தினார். நிறுக்கும்போது கங்காணி சிரிக்காமல் இருக்க மேகத்தைப் பார்த்தார். முழங்கால் வெளியே வந்தது, பிறகு கெண்டைக்கால், பிறகு கணுக்கால். அவர் காலடி பட்ட வழியெல்லாம் மாலை வெயிலில் மினுங்கியது. பின்னேரம் நோன்பு திறக்க வேலாயியின் லயத்து வீட்டில் பிளேன்டீயும் பேரீச்சம்பழமும் வைத்தார்கள். மண் தரை, சாணி மெழுகியது. வந்த புதிதில் அதைப் பார்த்து மனசுக்குள் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்த மனுஷன், கடைசிக் கிழமையில் அதன்மேல் காலை நீட்டி, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லி அப்படியே தூங்கிப்போனார்.

பிறை கண்ட அடுத்த நாள் காலையில் அவர் மலையிலிருந்து இறங்கி, நேராகப் பெருநாள் தொழுகைக்கு வந்தார். கால் கழுவும்போது பார்த்தார், வலது குதிகாலில் மட்டும் ஒரு பொட்டுத் தங்கம் பாக்கி இருந்தது. சுஜூதில் பின் வரிசைக்காரர்கள் அதைக் கண்டார்கள். தொழுகை முடிந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போய் அந்தச் சாவியை அவர் கையில் வைத்தார். மண்ணை அள்ளவேண்டாம் என்றார். டீச்சர் வட்டிலாப்பத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே, தான் அள்ளுவதாக இருக்கவும் இல்லை என்றார்.

இப்போது நூதனசாலை வாசலில் செருப்பு வைக்க நல்ல அகலமான தட்டு அடித்திருக்கிறது, றுஷ்தி முதலாளி செய்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அதன் பக்கத்தில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறார், கேட்கிறவர்களுக்கு ரோதையின் கதையும் சொல்கிறார், தன் கதையையும் சேர்த்து. ஒருதரத்துக்கு மேல் சுற்றாதீங்க என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார். குதிகால் பொட்டு அப்படியே இருக்கிறது. அவருடைய டைல்ஸ் கடை எதிர்ப்பக்கம், வாடகை இடத்தில். அங்கே செருப்போடு போகலாம்.