மாடுகளுக்கு மட்டும் ஒரு குளம்

குலசிங்கத்துக்குப் பாரிஸிலேயே தமிழ்க்கடைகள் இருக்கும் லா சப்பலைத் தாண்டினால் வழி தெரியாது. அப்படிப்பட்டவர்தான் ரூ பெர்தொனே தெருவில் ஒரு புடைவைக்கடைக்கு மேலிருந்த கந்தோரில் குந்தியிருந்து, அமெரிக்க மேட்டுச் சமவெளியின் மாட்டுப்பண்ணைகளுக்கு வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீற வேண்டும். வருடம் முழுக்க ஓடும் ஆற்றுக்கு முழு நீலக்கோடு. மழைக்கு மட்டும் ஓடுவதற்கு இடைவெளி விட்டுவிட்டுப் போகும் கோடு. வன்னியில் நீர்ப்பாசனக் கந்தோரில் பதினைந்து வருடம் படம் கீறிய கைக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

2011இல் ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கொடுத்த மூன்று மாதத் தவணை அன்றோடு முடிகிறது. நிரந்தர வேலை ஒப்பந்தம், அதாவது கொந்த்ரா, கிடைத்தால்தான் கிளிநொச்சியிலிருக்கும் மனைவி வசந்தரூபியைக் கூப்பிடப் பேப்பர் போடலாம். ஆகவே நெற்றியில் திருநீறு அன்று கொஞ்சம் தாராளம்.

பொறுப்பாளர் மர்கரீத் திரையைக் காட்டினார்.

“இந்தப் பச்சை என்ன?”

“வயல், மதாம்.”

“மாட்டுப்பண்ணையில் நெல்லா? நாற்பத்துமூன்று இடத்தில்?”

“நாப்பத்துமூண்டு குளம் இருக்கே!”

“அது மாடு தண்ணீர் குடிக்கக் கட்டியது. படத்தில் வயலைக் கண்டீர்களா?”

“குளக்கட்டைக் கண்டனான். கட்டு இருந்தால் கீழை வயல் இருக்கும்தானே? மாட்டுக்கு மட்டும் ஆரும் குளம் கட்டுவினமோ?”

மர்கரீத் சிரிக்கவில்லை. குலசிங்கத்துக்கு வசந்தரூபியின் பேப்பர் நாற்பத்துமூன்று வயலுக்குள்ளும் அமிழ்ந்துபோவது தெரிந்தது.

“இன்னொன்று,” என்றார் மர்கரீத். “இந்த வெள்ளைக் கோடுகளை மற்ற எல்லோரும் மண்ரோடு என்று கீறியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் வற்றிய ஓடை என்றீர்கள். அதுதான் சரியாம், பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“ரோட்டுப் போடுறவன் நேரை போகப் பாப்பான், மதாம். இது குடிச்ச வெறிகாரன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. ரெண்டு பக்கமும் மரம் வேறை. கோடையிலை எங்கடை ஆறுகளும் உப்பிடித்தான் கிடக்கும்.”

மர்கரீத் கொந்த்ராவை மேசையில் வைத்தார். “கையெழுத்துப் போடுங்கள். பிறகு வயல்களை அழியுங்கள். எல்லாவற்றையும்.”

பின்னேரம் கடைசி வயலையும் அழித்துவிட்டு, கிளிநொச்சிக்குப் போன் எடுத்து நடந்ததெல்லாம் சொன்னார். வசந்தரூபி அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு கேட்டாள்.

“இஞ்சேருங்கோ... குளத்தைக் கட்டிப்போட்டு வயல் செய்யேல்லையோ? வடிவாய்ப் பாத்தனீங்களோ?”

குலசிங்கம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு படத்தை மறுபடி பெரிதாக்கினார்.