காரணம்: வெயில்

தரையின் இறுக்கத்தை அளக்கும் குழாய்க்குள் எடையை நழுவ விட்டாள். மண்ணில் விழுந்த சத்தமே பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் குனிந்து எண்ணைப் பார்த்தாள். நூற்றிப் பதினெட்டு.

நூற்றைத் தாண்டினால் ஆடக் கூடாது. அது போட்டி விதி. நூற்றுக்கு மேல் போன தரையில் விழுகிறவன் முழுசாக எழுந்திருப்பது அவன் எலும்பின் தயவு.

கோல் பக்கம் போய் இன்னொரு தரம் போட்டாள். நூற்றி இருபத்தி நாலு. நேற்று ஒரு லாரித் தண்ணீரை இங்கேதான் கொட்டினாள். ரசிகர் சங்கச் செயலாளரான தையல்காரர் தெருத் தெருவாக வசூல் பண்ணி அனுப்பிய லாரி. இரண்டு மாதத் தாகத்தில் கிடந்த மண் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது.

பதினான்கு வருடமாக இந்தக் கால்பந்து கிளப்பின் புல்லைப் பார்த்துக்கொள்பவள் அவள். கேப்டனிலிருந்து டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லாருக்கும் புல்லக்கா. ஆட்டத்தன்று காலையில் தரையைச் சோதித்து அவள் ஒரு சீட்டு எழுத வேண்டும். ஆடலாமா, கூடாதா, கூடாதென்றால் என்ன காரணம், கீழே கையெழுத்து. அந்தச் சீட்டு இல்லாமல் எந்த நடுவரும் விசிலை வாயில் வைக்க மாட்டார்.

பொய்ச் சீட்டு எழுத மாட்டாள் என்று ஊருக்கே தெரியும். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிளப்புக்கு ஐந்து வருடத்தில் இது மூன்றாவது உரிமையாளர். மூன்று பேரும் வெளிநாடு. முதல் ஆள் ஜெர்சியின் நிறத்தை மாற்றினான். இரண்டாவது ஆள் நல்ல ஆட்டக்காரர்களை விற்றுத் தின்றுவிட்டுப் போனான். இந்த மூன்றாவது ஆள் மைதானத்துப் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை. அவன் முகத்தை மேனேஜரின் போனில் கட்டை விரல் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். அவன் வந்ததும் சம்பளம் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மைதானத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை 'ரிப்பேருக்கு' என்று கழற்றிக்கொண்டு போனார்கள். போன மோட்டார் போனதுதான்.

போன மாதம் இரண்டு ஆட்டங்களுக்கு 'ஆடக் கூடாது' என்று எழுதினாள். அது உண்மை. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றபோது மேனேஜர் பக்கத்தில் வந்தார்.

"மோட்டார் அது இதுன்னு எழுதி வெக்காதீங்க புல்லக்கா. நம்ம கிளப் மானம் போயிடும். வெயில்னு எழுதுங்க. வெயிலும் அடிக்குதுல்ல?"

வெயில் அடிக்கத்தான் செய்தது. கிளப் நாறக் கூடாது என்று அவளுக்கும் தோன்றியது. இரண்டு முறையும் வெயில் என்று எழுதினாள்.

பத்து நாளைக்கு முன்னால் தம்பி வந்தான். அவன் கிளப் பஸ் ஓட்டுகிறவன். விமான நிலையத்திலிருந்து உரிமையாளரின் ஆட்கள் நாலு பேரை ஏற்றி வந்திருந்தான்.

"அக்கா, காலை வெயில் எந்தப் பக்கத்து பால்கனியில விழும்னு கேக்கறானுங்க. நம்ம கிரவுண்டைக் காட்டித்தான் கேக்கறானுங்க. கோல் போஸ்டுக்கு எதுக்குக்கா பால்கனி?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே தையல்காரரின் கடைக்குப் போனாள். மைதானம் நகராட்சியுடையது. கிளப்புக்குக் குத்தகை. குத்தகைப் பத்திரத்தின் நகலைப் பழைய துணிக்கு அடியிலிருந்து எடுத்து, அளவு நாடா தொங்கும் கழுத்தோடு அவர் படித்துக் காட்டினார். இயற்கையால் நிலம் ஆட்டத்துக்கு உதவாமல் போய், குத்தகைக் காலத்தில் மொத்தம் மூன்று ஆட்டம் நின்றால் குத்தகை முடியும். நிலத்தை வேறு காரியத்துக்கு ஏலம் விடலாம். பராமரிக்காமல் கெட்டால் அந்தப் பேச்சே கிடையாது. கிளப்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

"ஏலம் எடுக்க அவனோட இன்னொரு கம்பெனி ரெடியா நிக்குதும்மா," என்றார் தையல்காரர். "ஆனா நம்ம கிரவுண்ட் தண்ணி விடாமத்தானே கெட்டுது? சீட்டுல அப்படித்தானே எழுதியிருப்பே?"

அவள் பத்திரத்தை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள். தண்ணீரை நிறுத்தினால் இவள் 'ஆடக் கூடாது' என்றுதான் எழுதுவாள் என்று எங்கோ இருக்கிற அந்தக் கட்டை விரல் முகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய நேர்மையை ஒரு மண்வெட்டி மாதிரி கையில் எடுத்து, அவளுடைய மைதானத்தையே வெட்டியிருக்கிறான்.

இன்று மூன்றாவது ஆட்டம். பருவத்தின் கடைசி ஆட்டமும் இதுதான். டிரா செய்தால்கூட அணி மேல் பிரிவில் தங்கிவிடும்.

சோதனைக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தம்பி கூடவே ஓடி வந்தான்.

"ஆடலாம்னு எழுதிடுக்கா. ஒரே ஒரு நாள். யாரு கேக்கப் போறா?"

"கோல்கீப்பர் போன வாரம் பிராக்டிஸ்ல விழுந்து தோள்பட்டை உடைஞ்சு கிடக்கான். அவனப் போய்க் கேளுடா."

தம்பி நடையைக் குறைத்துப் பின்தங்கினான்.

நடுவர் அறையில் மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். நடுவர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் சீட்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

"எவ்வளவு?" என்றார் நடுவர்.

"நூத்திப் பதினெட்டு. கோல் பக்கம் இன்னும் மோசம்."

"அப்ப ஆட முடியாது. காரணம் எழுதிக் கொடுங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வெயில்னு எழுதுங்க புல்லக்கா. மேட்ச் அடுத்த வாரம் வேற ஊர்ல நடக்கும். டீம் தப்பிச்சிடும். நாலு மாசச் சம்பளம் திங்கக்கிழமை எல்லாருக்கும் கைக்கு வந்துடும். உங்க தம்பிக்கும் சேர்த்துத்தான்."

"வேற காரணம் எழுதினா?"

"கிளப் தப்புன்னு ஆயிடும். ஆடாமலே தோத்ததாக் கணக்கு. டீம் கீழ் பிரிவுக்குப் போயிடும். உங்க பேரைச் சொல்லித்தான் ஊர் காறித் துப்பும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

மேனேஜர் போனை அவள் பக்கம் திருப்பினார். அதே கட்டை விரல் முகம். பின்னால் ஒரு நீச்சல் குளம், நிறையத் தண்ணீரோடு. முகம் தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தது.

"உங்க நேர்மையை ஓனர் ரொம்ப மதிக்கிறாராம்."

"மதிக்கிறவர் மோட்டாரை எதுக்குக் கழட்டினாருன்னு கேளுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு—"

"கேளுங்க சார். நான் என்ன அவர் நீச்சல் குளத்தையா கேட்டேன்? ஒரு மோட்டார். அஞ்சு குதிரை சக்தி. அதைக் கழட்டிட்டு என் கையாலயே என் கிரவுண்டுக்குச் சாவு ஓலை எழுத வெக்கிறாரே, இவருக்கு ஒரு தடவையாவது பந்தை உதைச்சுப் பழக்கம் உண்டான்னு கேளுங்க!"

மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை. போனை அப்படியே சட்டைப்பையில் போட்டார். பைக்குள்ளிருந்து முகம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

ஆடக் கூடாது. காரணம்: கிளப் இரண்டு மாதமாகத் தண்ணீர் விடவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். முந்தைய இரண்டு சீட்டிலும் வெயில் என்று நான் எழுதியது பொய். அப்போதும் இதுதான் காரணம்.

கையெழுத்தை அழுத்திப் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது.

நடுவர் இரண்டு முறை படித்தார். "இது உங்க வேலைக்கே உலை வெக்கும்மா."

"தெரியும் சார்."

"பழைய சீட்டும் பொய்னு ஏன் எழுதினீங்க? அதை நான் கேக்கவே இல்லையே."

"அது அப்படியே இருந்தா ரெண்டு வெயில் கணக்குல நிக்கும். அடுத்த கோடையில மூணாவதுக்கு வேற ஒருத்தியப் பிடிச்சிடுவாங்க."

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது அவள் குழாயைக் கொட்டகையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் இல்லை. எதிரணி வென்றதாகக் கணக்கு. தகரக் கூரை பெயர்கிற மாதிரி ஒரு சத்தம். யார் எழுதிய சீட்டு என்பதை மேனேஜரே வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டிருந்தார். அந்த வேலையில் மட்டும் அவர் தாமதம் செய்யவில்லை.

தம்பி ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, பின் கேட்ல பஸ்ஸ நிறுத்தியிருக்கேன். சீட்டுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்துக்கோ. வெளியில முந்நூறு பேர் நிக்கறாங்க. உன்ன உரிச்சுடுவாங்க."

"உனக்கும் நாலு மாசச் சம்பளம் போச்சுடா."

"அதை வீட்டுல போய்த் திட்டிக்கிறேன். இப்ப வா."

"பின் கேட்டு வழியா நான் எதுக்குடா போகணும்? நானா மோட்டாரத் திருடினேன்?"

முன்வாசலுக்கு நடந்தாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா இல்லை, கிளப் துண்டு. கண்கள் சிவந்திருந்தன.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? முப்பது வருஷம் கழிச்சு நம்ம டீம் கீழ போவுது. உன் ஒரு கையெழுத்துல!"

"துரோகி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு பாட்டில் பறந்து வந்து கம்பியில் மோதியது.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றாள்.

"டீம் கீழதான் போவுது. கிரவுண்ட் எங்கயும் போவல. அதுமேல கட்டடம் கட்ட இனி ஓனரால முடியாது. தண்ணி விடாம கெட்டதுன்னு எழுதிட்டேன். குத்தகை நிக்கும். அண்ணே, பத்திரத்த நீங்கதானே எனக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

தையல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப முதல் ரெண்டு சீட்டுல என்ன எழுதினே?"

"வெயில்னு எழுதினேன். பொய். கிளப் மானம் போயிடும்னு எழுதினேன். அப்பவே உண்மைய எழுதியிருந்தா போன மாசமே மோட்டார் வந்திருக்கும், இன்னிக்கு மேட்சும் நடந்திருக்கும். அதுக்குத் திட்டுங்க, கேட்டுக்கறேன். இன்னிக்கு எழுதினதுக்குத் திட்டாதீங்க."

கூட்டம் கொஞ்சம் தடுமாறியது.

"ரெண்டுக்கும் சேத்துத்தான் திட்டுவோம்!" என்றான் பாட்டில் எறிந்தவன். அவன் குரல் அழுகையில் உடைந்தது.

"சரி, திட்டு," என்று அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "திட்டி முடிச்சதும் எல்லாரும் என்கூட கிளப் ஆபீஸுக்கு வாங்க. மோட்டார் வாங்காம நான் வீட்டுக்குப் போறதில்ல."