பயத்துக்குப் பத்து மார்க்

எழுபத்து நான்காம் வருஷம் சென்னையில் ஒரு பேராசிரியர் பயம் என்றால் என்ன என்று முடிவு கட்டிவிட்டார். யாருக்குப் பயப்படுகிறாயோ, அந்த ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும்; பிறகு பத்துக்கு எத்தனை என்று மார்க். பெயர் வாயில் வராவிட்டால் பூஜ்யம். நல்ல கூத்துதான் போங்கள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஊரோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கம்; அங்கே எந்தப் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லியிருக்கிறாள்?

அவரிடம் எம்.ஏ. படித்த சத்யபாமா ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருப் பெண். அவள் அம்மாவே அப்பா பெயரை உச்சரித்ததில்லை. ஆனாலும் விதியை மீறினால் ஆராய்ச்சி குப்பைக்குப் போய்விடுமே என்று கவலை அவளுக்கு.

பிள்ளைப்பாக்கத்தில் அவள் கேள்வி கேட்கப் போன வீட்டு வாசலில் முனியம்மாள் உட்கார்ந்திருந்தாள்; இடது கண் வீங்கி மூடியிருந்தது. "யாருக்குப் பயம்?" என்றதும் வீட்டுக்குள்ளே கையைக் காட்டினாள்.

"பேரைச் சொல்லுங்கோ."

"அய்ய, அத்த எப்டிம்மா சொல்றது?"

சத்யபாமா பூஜ்யம் போட்டாள். வீங்கிய கண் எதிரே இருக்கிறது, கை பூஜ்யம் போடுகிறது. படித்த படிப்பு அப்படி.

உள்ளேயிருந்து முனியம்மாளின் புருஷன் கோதண்டம் வந்தான். "இன்னாம்மா எழுதிக்கினு கீற?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முனியம்மாள் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு நல்லது என்று இந்த அசடு நினைத்தது. "இவங்களுக்கு யாரைக் கண்டும் பயமில்லை. பூஜ்யம்தான் வந்திருக்கு."

"என்னக் கண்டுமா?"

கூந்தலைப் பிடித்து முனியம்மாளைச் சுவரில் மோதினான். விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். "இப்ப கீதாடீ பயம்?" மறுபடி உதைத்தான். ஒரு பல் மண்ணில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை, பாவிகள். சத்யபாமா கத்தப் பார்த்தாள்.

கீழே கிடந்த விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "பத்து போடு."

பெயர் சொல்லாதவளுக்கு மார்க் கிடையாது. சத்யபாமா பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டாள்.

"பெர்சா போடு."

பெரிதாகப் போட்டாள். எட்டிப் பார்த்தான். திருப்தி. கட்டையை எறிந்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தான்.

முனியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். பேனாவை மூட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்ன அந்தாளு தொடக்கூட இல்லியே," என்றாள். "நீ ஏம்மா இப்டி நடுங்குற?"