வாசலுக்கு வெளியே நின்ற கடன்

ஜமாலுதீன் மௌத்தாகிப் பன்னிரண்டாவது நாள், அவருடைய செருப்பில் மண் ஒட்டியிருந்தது.

கடையின் பின்வாசலில் அவர் கழற்றிவிட்ட இடத்திலேயே கிடந்த பழைய தோல் செருப்பு அது. அதை எடுத்து உள்ளே வைக்க மகள் நூருல் ஹுதாவுக்கு மனம் வரவில்லை. பாச்சாங் டவுனில் அவர்களுடைய துணிக்கடையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தாரும் சிமெண்டும்தான். செருப்பிலோ குழைந்த செம்மண், ஈரம்கூடக் காயாமல். கழுவி வைத்தாள். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் மண்.

“யாராவது போட்டுட்டுப் போறாங்களோ,” என்றான் கணவன் ரிதுவான்.

“போட்டுட்டுப் போறவன் கரெக்டா அஸருக்குக் கொண்டாந்து வைப்பானா?”

“தொழுகையாளித் திருடன் போல.”

ஹுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது நாள் செருப்பைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி அடுக்கிய அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். அஸருக்குப் பிறகு ரிதுவானைப் பக்கத்தில் நிற்கவைத்துத் திறந்தாள். வெள்ளைத் துணியின் மேல் இரண்டு செம்மண் தடங்கள். வலது செருப்பின் அடியில் எண்ணெய் பிழியும் செம்பனைப் பழத்தின் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிதுவான் அதன் பிறகு கேலி பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தா பெயரில் பள்ளிவாசலுக்குக் குடிதண்ணீர் மெஷின் வாங்கிக் கொடுக்க ஹுதா ஐயாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தாள். பணத்தை நீட்டியபோது பள்ளி இமாம் ஹஜரத் கை நீட்டவில்லை.

“அத்தாவுக்குக் கடன் எதுவும் இல்லையேம்மா? தர்மத்துக்கு முந்தி அதுதான். கடன் அடையற வரைக்கும் மூமினோட உயிர் அதுலயே கட்டுண்டு கிடக்கும்.”

“இல்லீங்க ஹஜரத். ஜனாஸா தொழுகைக்கு முன்னாடியே இவங்க எழுந்து கேட்டாங்க. யாருக்காவது தர வேண்டியது இருந்தா சொல்லுங்க, நான் பொறுப்புன்னு. யாரும் வாய் திறக்கல.”

“யார்கிட்ட கேட்டீங்க?”

“தொழ வந்தவங்ககிட்ட,” என்றான் ரிதுவான்.

“பாய் தொழ வந்தவங்களுக்கு மட்டும்தான் துணி வித்தாரா?”

ஹுதா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முப்பது வருஷம் சனி ஞாயிறுகளில் அத்தா வேனில் சேலைகளை ஏற்றிக்கொண்டு நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குப் போய்வந்தவர். தவணைக்கு விற்பார், வட்டி என்று ஒரு காசு வாங்கமாட்டார். அந்த மக்களும் ஜனாஸாவுக்கு வந்திருந்தார்கள். பள்ளியின் கேட்டுக்கு வெளியே, வெயிலில், கும்பலாக.

பணத்தை எடுத்துக்கொண்டு அப்போதே நியாலாஸுக்குக் கிளம்பினார்கள். யாரை விசாரிப்பது என்று தெரியாமல் வேன் முதல் தோட்டத்துக்குள் திரும்பியபோது, வரிசை வீடுகளின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் தண்ணீர்ச் சொம்பு.

“வாங்கம்மா. நேத்துதான் பாய்கிட்ட சொன்னேன், நீங்க வரவேணாம், மகளை அனுப்புங்கன்னு.”

ஹுதாவின் கை ரிதுவானின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் பெயர் தேவமலர். கோவிட் சமயம் அத்தாவின் கடை மூடிக் கிடந்து வாடகைப் பாக்கி ஏறிப்போனபோது, இறந்த கணவன் மருதமுத்துவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்திலிருந்து ஆறாயிரம் வெள்ளியை எடுத்துக் கொடுத்தவள். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. ஆயிரத்து ஐந்நூறு திரும்பி வந்திருந்தது.

“வட்டி கேக்கல. அவரு எங்கிட்ட என்னைக்காவது கேட்டிருக்காரா? அன்னைக்குப் பள்ளி வாசல்ல நின்னேன். உள்ள என்ன சொன்னாங்கன்னு காதுல விழல. விழுந்திருந்தாலும் சாவு வீட்டுல காசைப் பத்திப் பேச முடியுமா?”

“அக்கா, அத்தா இங்க…”

“தினமும் நாலு மணிக்கு மேல வர்றாரு. அதோ, படிக்குக் கீழ நிப்பாரு. உக்காருங்கன்னா உக்கார மாட்டாரு. விட்டுட்டேன் பாய், போங்கன்னு நானும் தெனம் சொல்றேன்.” தேவமலர் தலையைக் குனிந்துகொண்டாள். “வாய்தான் சொல்லுது. மக வாணிக்கு அடுத்த மாசம் கல்யாணம். நாளைக்குக் கந்துவட்டி ஆலோங்கிட்ட வாங்கலாம்னு இருந்தேன். மனசு விட்டிருந்தா அவரு போயிருக்க மாட்டாரா?”

ஹுதா படியைப் பார்த்தாள். வெயிலும் செம்மண்ணும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

“இப்ப இருக்காரா?”

“ம்.”

பணப்பை மடியில் கனத்தது. கொடுத்துவிட்டால் அத்தா போய்விடுவார். இன்றைக்குக் கொடுக்காமல், கல்யாணத்துக்கு முந்தின நாள் கொடுத்தால்? அதுவரை ஒவ்வொரு மாலையும் அவர் எங்கிருந்தோ நடந்து, இங்கே வந்துகொண்டிருப்பார். இல்லாமல் போய்விடமாட்டார்.

“எப்படிக்கா இருக்காரு? என்னைப் பார்க்கிறாரா?”

“ஒன்னையத்தாம்மா பாக்குறாரு.” தேவமலரின் குரல் தணிந்தது. “ரொம்பக் களைச்சிட்டாரு. கால் நிக்க மாட்டேங்குது. தண்ணி நீட்டினேன், வாங்கிக்க முடியல.”

ஹுதா எழுந்தாள். நாலாயிரத்து ஐந்நூறை எண்ணித் தேவமலரின் இரண்டு கைகளிலும் வைத்தாள். கண்ணீரில் கடைசி நோட்டுகள் தெரியவில்லை. ரிதுவான்தான் எண்ணி முடித்தான்.

தேவமலர் பணத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்துச் சொன்னாள். “வந்திருச்சி பாய். மனசாரச் சொல்றேன். போயிட்டு வாங்க.”

இரண்டாவது வீட்டு நாய் குரைத்தது. அது ஓய்ந்ததும் மூன்றாவது வீட்டு நாய். பிறகு அதற்கடுத்த வீட்டில். கடைசி வீடும் தாண்டி, செம்பனைக் காட்டின் ஓரத்தில் ஒரு நாய் ஒரே ஒரு தரம் குரைத்து நிறுத்தியது.

“அத்தா,” என்று கூப்பிட ஹுதா வாயெடுத்தாள். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.